பதவியேற்புக்கு முன்னால் கடிதம் போய்ச் சேர வேண்டும்

உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்கு ஒருவருடைய பெயர் போயிருக்கிறது, அவர் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாதவர் என்பதற்கு உங்கள் கையில் ஆதாரம் இருக்கிறது என்றால், டீக்கடையில் பேசிவிட்டுக் கலைந்து போகாதீர்கள். இன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து கடிதம் எழுதுங்கள், நாளைக் காலையில் தபாலில் சேருங்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், 2023இல் நடந்ததைப் பாருங்கள். ஜனவரி 17ஆம் தேதி உச்ச நீதிமன்றக் கொலீஜியம், அதாவது நீதிபதிகளைப் பரிந்துரைக்கிற மூத்த நீதிபதிகள் குழு, சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எல். விக்டோரியா கௌரியின் பெயரைப் பரிந்துரைத்தது. சிறுபான்மையினரைப் பற்றி அவர் பேசியதாகச் சொல்லப்பட்ட பேச்சுகளைக் காட்டி, சென்னை வழக்கறிஞர்கள் சிலர் குடியரசுத் தலைவருக்கும் கொலீஜியத்துக்கும் பிப்ரவரித் தொடக்கத்தில் கடிதம் எழுதினார்கள். பிப்ரவரி 6 அன்று நியமன அறிவிப்பு வந்துவிட்டது. 7ஆம் தேதி காலையில் அதை எதிர்த்த மனு டெல்லியில் விசாரணையில் இருக்கும்போதே சென்னையில் பதவியேற்பு நடந்தது. மனுவும் தள்ளுபடியானது. பரிந்துரையிலிருந்து பதவியேற்பு வரை மொத்தமே 21 நாள். அதில் முதல் இரண்டு வாரம் போன பிறகுதான் கடிதங்கள் போயின. அந்தத் தேர்வு சரியா தவறா என்று நான் இங்கே பேச வரவில்லை, நமக்குக் கிடைக்கிற நேரம் எவ்வளவு சின்னது என்பதைத்தான் சொல்கிறேன்.

"நமக்கும் ஹைகோர்ட் ஜட்ஜுக்கும் என்ன சம்பந்தம்?" என்று எங்கள் ஊரில் கேட்பவர்கள் உண்டு. செட்டிநாட்டில், காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் இருந்துகொண்டு இப்படிக் கேட்பதுதான் எனக்கு ஆச்சரியம். வளவு வீடு ஒவ்வொன்றிலும் எத்தனை பங்காளிகள் இருக்கிறார்கள், அதில் எத்தனை வீட்டுக்குப் பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டு வழக்கு ஐயா காலத்தில் தேவகோட்டைக் கோர்ட்டில் ஆரம்பித்தது, அப்பா காலத்தில் வாய்தா வாய்தாவாகப் போனது, இப்போது இரண்டாவது அப்பீலாக மதுரையில் நிற்கிறது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24இல் திறந்ததிலிருந்து சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்ட வழக்குகள் அங்கேதான் போகின்றன. கண்மாய் ஆக்கிரமிப்பு, கோயில் நிலம், மஞ்சுவிரட்டுக்கு அனுமதி எல்லாம் அங்கேதான் போய் நிற்கும். எல்லாச் சமூகத்தாரும் வடம் பிடிக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் வழக்காடி, ஓடாமல் நின்ற, தேவகோட்டை பக்கத்துக் கண்டதேவிக் கோயில் தேர் 2024 ஜூனில் மறுபடி ஓடியதே, அதற்கு உயர் நீதிமன்ற உத்தரவுகள்தான் வழி செய்தன. அந்த நாற்காலியில் ஒரு சமூகத்தை வெறுக்கிற ஆள் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நீதிபதிக்கு 62 வயது வரை பதவி. 48 வயதில் வருபவர் 14 வருஷம் இருப்பார். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஓட்டுப் போட்டு மாற்றுகிற பதவி இல்லை இது.

சரி, இப்போது எழுதுகிற வேலைக்கு வருவோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டில் நீதிபதி நியமனத்தில் எம்.பி.க்கு ஓட்டு கிடையாது. அமெரிக்காவில் செனட் ஓட்டுப் போட்டுத்தான் உச்ச நீதிமன்ற நீதிபதியை ஏற்கும். 1987இல் ராபர்ட் போர்க் என்பவரை ஜனாதிபதி ரீகன் முன்மொழிந்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பி, 58க்கு 42 என்று செனட் அவரைத் தள்ளிவிட்டது. இங்கே அந்த வழி இல்லை. நாடாளுமன்றம் 2014இல் நியமன ஆணையம் ஒன்றைக் கொண்டுவரச் சட்டம் போட்டது, 2015 அக்டோபர் 16இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, கொலீஜியமே தொடர்கிறது. அதனால் எம்.பி.க்கு எழுதும்போது "இவருக்கு எதிராக ஓட்டுப் போடுங்கள்" என்று எழுதினால் படிக்கிறவர் அங்கேயே கடிதத்தை மடித்து வைத்துவிடுவார். எம்.பி.யால் செய்ய முடிந்ததைக் கேட்க வேண்டும். அவர் மத்தியச் சட்ட அமைச்சருக்குத் தன் கடிதத்தாளில் எழுதலாம், நேரில் பார்த்து உங்கள் ஆதாரத்தைக் கொடுக்கலாம், நியமன முறை பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி போடலாம். ஒரு சாதாரணக் குடிமகனின் கடிதம் அமைச்சகத்தில் தபால் பிரிக்கிற இடத்தோடு நிற்கலாம், எம்.பி.யின் கடிதம் அமைச்சர் மேசை வரை போகும். இந்தக் கடிதத்தால் கிடைக்கக்கூடியது அவ்வளவுதான், அது சின்ன விஷயமும் இல்லை.

பெயர் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்தால்தான் கடிதத்தை எங்கே அனுப்புவது என்று தெரியும். உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியும் அடுத்த இரண்டு மூத்த நீதிபதிகளும் சேர்ந்து பெயரை எடுக்கிறார்கள். அது முதலமைச்சருக்கும் ஆளுநருக்கும் போகிறது, அங்கிருந்து மாநிலத்தின் கருத்து ஆறு வாரத்துக்குள் டெல்லிக்குப் போக வேண்டும். போகாவிட்டால் மாநிலத்துக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். பிறகு மத்தியச் சட்ட அமைச்சகம், உளவுத் துறை அறிக்கை, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியும் இரண்டு மூத்த நீதிபதிகளும் அடங்கிய கொலீஜியம், திரும்ப அமைச்சகம், பிரதமர், கடைசியில் குடியரசுத் தலைவர். மத்திய அரசு ஒரு முறை கோப்பைத் திருப்பி அனுப்பலாம், கொலீஜியம் அதே பெயரை மறுபடி வலியுறுத்தினால் அரசு நியமித்தாக வேண்டும் என்பது விதி.

இதில் நம்மவர்கள் கவனிக்காமல் விடுகிற இடம் முதலமைச்சர் இருக்கிற கட்டம். அந்த ஆறு வாரத்தில் உங்கள் எம்.எல்.ஏ. மூலமாக முதலமைச்சர் அலுவலகத்துக்குக் கடிதம் போனால், மாநிலத்தின் கருத்தில் உங்கள் ஆதாரம் இடம்பெற வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டத்தில் பெயர் வெளியே வராது, வக்கீல்கள் வட்டத்தில் மட்டும் அடிபடும். காரைக்குடியிலோ சிவகங்கையிலோ கோர்ட்டுக்குப் போய்வருகிற வக்கீல் யாராவது தெரிந்தவர் இருந்தால் அவ்வப்போது கேட்டு வையுங்கள். வதந்தியை நம்பிக் கடிதம் எழுத வேண்டாம், பெயர் உறுதியானதும் எழுதத் தயாராக இருந்தால் போதும். உச்ச நீதிமன்றக் கொலீஜியத்தின் தீர்மானங்கள் 2017 அக்டோபர் முதல் உச்ச நீதிமன்ற இணையதளத்தில் வெளியாகின்றன. சென்னை உயர் நீதிமன்றம் என்று தலைப்பு வந்தால் உடனே திறந்து பாருங்கள். நாள் கணக்கு அன்றிலிருந்து ஆரம்பம்.

எந்தக் காரணத்துக்காக எதிர்க்கலாம் என்பது இந்த வேலையின் உயிர்நாடி. இதில் தவறினால் கடிதம் எழுதாமல் இருப்பதே மேல்.

நீதிமன்றம் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கிறது. ஒன்று சட்டப்படியான தகுதி, மற்றொன்று பொருத்தம். அரசியலமைப்பின் 217ஆம் பிரிவுப்படி ஒருவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 10 ஆண்டு நீதித்துறைப் பதவியில் இருந்திருக்க வேண்டும் அல்லது 10 ஆண்டு உயர் நீதிமன்ற வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும். இந்தத் தகுதியே இல்லை என்று காட்ட முடிந்தால் நியமன ஆணை கையெழுத்தான பிறகுகூட நீதிமன்றம் நிறுத்தும். 1992இல் அப்படி நடந்திருக்கிறது. குவாஹாட்டி உயர் நீதிமன்றத்துக்குக் கே.என். ஸ்ரீவஸ்தவா என்பவரைக் குடியரசுத் தலைவர் நியமித்து ஆணையும் வந்துவிட்டது, பதவியேற்கவில்லை. மிசோரம் அரசில் சட்டத் துறைச் செயலாளராக இருந்தவர் அவர், அது நீதித்துறைப் பதவி ஆகாது என்று குமார் பத்ம பிரசாத் என்ற வழக்கறிஞர் வழக்குப் போட்டார், உச்ச நீதிமன்றம் நியமனத்தையே ரத்து செய்தது.

பொருத்தம் பற்றி மட்டும் ஆட்சேபணை என்றால் நீதிமன்றம் தலையிடாது. 2023 வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதுதான். ஆகவே பொருத்தம் பற்றிய ஆட்சேபணைக்குக் கடிதம் ஒன்றே வழி, அதுவும் முன்கூட்டியே. ஒரு சமூகத்தின் மீது வெறுப்பைப் பொதுமேடையில் பேசியது, தன் மேல் உள்ள குற்ற வழக்கை மறைத்தது, பொது நிலத்தை வளைத்தது, தன்னிடம் வழக்கைக் கொடுத்த கட்சிக்காரரிடம் பணம் வாங்கி ஏமாற்றியது, இப்படி நீதி சொல்கிற வேலையையே கெடுக்கிற விஷயங்கள் இருந்தால் எழுதுங்கள்.

எழுதக் கூடாத காரணங்களும் இருக்கின்றன. சாதி, மதம், ஊர், ஆணா பெண்ணா, யாரோடு குடும்பம் நடத்துகிறார், எந்தக் கட்சிக்கு வேலை பார்த்தார் என்பவை காரணமே ஆகாது. அரசை விமர்சித்து ஒரு கட்டுரையைப் பகிர்ந்தார் என்பதும் ஆகாது. சென்னை வழக்கறிஞர் ஆர். ஜான் சத்யன் பெயரை, பிரதமரை விமர்சித்த கட்டுரை ஒன்றைப் பகிர்ந்தார் என்ற உளவுத் துறைக் குறிப்பைக் காட்டி அரசு எதிர்த்தபோது, அதனால் அவருடைய பொருத்தம் குறையாது என்று சொல்லிக் கொலீஜியம் மறுபடி அதே பெயரை வலியுறுத்தியது. நமக்குப் பிடிக்காத கருத்து என்பதற்காக ஒருவரை எதிர்த்து எழுதினால், நாளைக்கு நமக்குப் பிடித்த நல்ல மனிதரை இன்னொருவர் அதே வழியில் தடுப்பார். நான் இதை ரொம்ப அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் வருகிற பேச்சில் பாதி "அவன் எந்த ஆளு?" என்பதிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் கேள்வி கடிதத்தில் ஒரு சொல்லாகக்கூட வரக் கூடாது.

அடுத்தது ஆதாரம். 2009இல் பி.டி. தினகரன் கர்நாடக உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தார், உச்ச நீதிமன்றத்துக்கு அவர் பெயர் போனது. திருவள்ளூர் மாவட்டம் காவேரிராஜபுரத்தில் அரசு நிலத்தை ஆக்கிரமித்தார் என்று தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் புகார் அனுப்பினார்கள். வெறும் பேச்சாக இருந்திருந்தால் அது அன்றைக்கே அடங்கியிருக்கும். நில ஆவணங்கள் இருந்தன, மாவட்ட ஆட்சியரின் அறிக்கை வந்தது, மாநிலங்களவையில் 75 உறுப்பினர்கள் பதவிநீக்கத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அவர் குற்றச்சாட்டுகளை மறுத்தார். உச்ச நீதிமன்றத்துக்குப் போகவில்லை, 2011 ஜூலையில் பதவி விலகினார். அந்தப் புகாருக்குப் பின்னால் ஆவணம் இருந்தது என்பதை மனதில் வையுங்கள்.

ஆகவே கடிதம் எழுதும் முன்பு ஒரு நாளை ஆதாரத்துக்கு ஒதுக்குங்கள். நிலம் சம்பந்தப்பட்டது என்றால் சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று எடுங்கள். குற்ற வழக்கு என்றால் இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணைத் தேடி எடுங்கள், எஃப்.ஐ.ஆர். நகல் கிடைத்தால் இன்னும் நல்லது. மேடைப் பேச்சு என்றால் எந்த நாள், எந்த ஊர், வீடியோவில் எத்தனையாவது நிமிஷம், பேசிய வார்த்தை அப்படியே என்ன என்று எழுதுங்கள். உங்கள் சொந்த வார்த்தையில் சுருக்கினால் "அப்படிச் சொல்லவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். வெட்டி ஒட்டிய வீடியோவை நம்பாதீர்கள், முழுப் பேச்சையும் கேட்டுவிட்டு எழுதுங்கள். கேட்ட பிறகு உங்கள் மனதே மாறினால் எழுத வேண்டியதில்லை.

இப்போது கடிதம். எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர். அவர் மேலாளுக்கு எழுதிய கடிதங்களின் நகல்கள் தகரப் பெட்டியில் இன்னும் இருக்கின்றன. பிள்ளையார் சுழி, ஊர், தேதி, அதற்கடுத்த வரியிலேயே தொகையும் விஷயமும் வந்துவிடும். கடைசி வரியில் "இதற்கு உத்தரவு வேண்டியது" என்று என்ன வேண்டுமோ அதைக் கேட்டிருப்பார். கடல் தாண்டி ஒரு கடிதம் போய்ப் பதில் வர மாதக்கணக்கு ஆகிற காலத்தில் எழுதியவை அவை, ஒரு சொல் வீண் இருக்காது. நீங்களும் அந்த மாதிரி எழுதுங்கள். நான் சில வருஷங்களுக்கு முன்னால் வேறு ஒரு விஷயத்துக்காக ஒரு மக்கள் பிரதிநிதிக்கு நாலு பக்கம் எழுதினேன், மனதில் இருந்த கோபம் முழுவதும் அதில் இருந்தது. பதில் வரவில்லை. போன் செய்து கேட்டபோது அங்கே இருந்தவர், "ஐயா, நாங்க என்ன செய்யணும்னு எங்கே எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார். தேடிப் பார்த்தால் எங்குமே எழுதவில்லை. ஆகவே ஒரே பக்கம், ஒரே ஆட்சேபணை, ஒரே கோரிக்கை. ஆதாரம் பின்னால் இணைப்பாகப் போகட்டும்.

ஒரு மாதிரி தருகிறேன். அப்படியே எல்லோரும் எழுதிவிட வேண்டாம். ஒரே வாசகத்தில் நூறு கடிதம் வந்தால் அதை ஒரு கடிதமாகத்தான் எண்ணுவார்கள். உருவத்தை எடுத்துக்கொண்டு சொற்களை உங்களுடையதாக்குங்கள்.

அனுப்புநர்: பெயர், முழு முகவரி, கைபேசி எண், வாக்காளர் அட்டை எண்.
பெறுநர்: மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர் அவர்கள், சிவகங்கை மக்களவைத் தொகுதி.
பொருள்: சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்குத் திரு./திருமதி ______ பரிந்துரைக்கப்பட்டது குறித்த ஆட்சேபணை.

ஐயா / அம்மா, வணக்கம்.
நான் தங்கள் தொகுதியில் ______ ஊரைச் சேர்ந்த வாக்காளர். உச்ச நீதிமன்றக் கொலீஜியம் ______ தேதியிட்ட தீர்மானத்தில் மேற்படி பெயரைப் பரிந்துரைத்திருக்கிறது. இவர் ______ தேதி ______ ஊரில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவத்தை இணைத்திருக்கிறேன். அதில் குறிப்பிட்ட ஒரு பிரிவு மக்களைப் பற்றி இவர் பேசியிருப்பது, அந்த மக்கள் இவர் முன் வழக்காட வரும்போது அச்சத்தோடு நிற்க வேண்டிய நிலையை உண்டாக்கும். எங்கள் மாவட்ட வழக்குகள் மதுரைக் கிளைக்குத்தான் போகின்றன என்பதால் இது எங்களை நேரடியாகப் பாதிக்கிறது.
இந்த ஆதாரத்தை மத்தியச் சட்ட அமைச்சரின் கவனத்துக்குக் கொண்டுசென்று, நியமனத்துக்கு முன்பு இதை ஆய்வு செய்யுமாறு தாங்கள் எழுத்து மூலம் கேட்க வேண்டுகிறேன். தாங்கள் எழுதினால் அதன் நகல் ஒன்றை எனக்கு அனுப்பவும் வேண்டுகிறேன்.
இப்படிக்கு, கையெழுத்து, தேதி.
இணைப்பு: 1, 2, 3.

நகல் கேட்கிற அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நகல் கேட்டிருக்கிறார்கள் என்றால் எழுதாமல் இருப்பது கொஞ்சம் கஷ்டம்.

யாருக்கு அனுப்புவது? முதலில் உங்கள் மக்களவை உறுப்பினர். செட்டிநாட்டில் இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்தாலும் திருமயம், ஆலங்குடி சட்டமன்றத் தொகுதிகள் சிவகங்கை மக்களவைத் தொகுதிக்குள்தான் வருகின்றன. அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களும் சிவகங்கை எம்.பி.க்கே எழுத வேண்டும். வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே ஓட்டு வைத்திருப்பவர்கள், ஓட்டு எங்கே இருக்கிறதோ அந்த எம்.பி.க்கு எழுதுங்கள். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற நம் பிள்ளைகள் இதில் நிறைய உதவ முடியும், ஆனால் முகவரி வாக்காளர் பட்டியலில் இருக்கிற முகவரியாக இருக்கட்டும்.

அடுத்து மாநிலங்களவை. தமிழ்நாட்டுக்கு 18 உறுப்பினர்கள், தமிழ்நாட்டில் யார் வேண்டுமானாலும் யாருக்கும் எழுதலாம். 18 பேருக்கும் எழுத நேரமில்லை என்றால் சட்டம் தெரிந்தவர்களாகப் பார்த்து எழுதுங்கள். மூத்த வழக்கறிஞரான பி. வில்சன், நீதிபதி நியமனத்தில் சமூகப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று தனிநபர் மசோதா கொண்டுவந்தவர், இந்த விஷயத்தின் நெளிவுசுளிவு அவருக்குத் தெரியும். பணியாளர், பொதுமக்கள் குறைகள், சட்டம், நீதி ஆகியவற்றுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு என்று ஒன்று இருக்கிறது, அதன் உறுப்பினர் பட்டியலும் எல்லா எம்.பி.க்களின் மின்னஞ்சல் முகவரியும் நாடாளுமன்ற இணையதளத்தில் கிடைக்கும்.

எம்.பி.க்கு எழுதிய கையோடு நேரடியாகவும் நகல் அனுப்புங்கள். மத்திய நீதித் துறையின் முகவரி: ஜெய்சல்மர் ஹவுஸ், 26, மான்சிங் ரோடு, புது டெல்லி 110011. உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு என்றால் திலக் மார்க், புது டெல்லி 110001. குடியரசுத் தலைவருக்கு ராஷ்டிரபதி பவன், புது டெல்லி 110004. சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கும் ஒரு நகல்.

தமிழில் எழுதலாமா என்று நிறையப் பேர் தயங்குகிறார்கள். தாராளமாக எழுதலாம். மத்திய, மாநில அரசின் எந்த அதிகாரியிடமும் இங்கே வழங்குகிற எந்த மொழியிலும் குறையைச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது என்று அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு சொல்கிறது. எம்.பி.க்குத் தமிழே போதும். டெல்லிக்குப் போகிற நகலோடு மட்டும், காலேஜில் படிக்கிற பிள்ளையை வைத்து ஒரு பக்க ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணையுங்கள். உரிமை இருக்கிறது என்பது உண்மைதான், இருக்கிற கொஞ்ச நாளில் மொழிபெயர்ப்புக்காக ஒரு வாரம் அங்கே கிடக்க வேண்டாமே என்பதற்காகச் சொல்கிறேன்.

தபாலில் சேர்க்கும் நாளிலேயே மின்னஞ்சலிலும் ஸ்கேன் செய்து அனுப்பிவிடுங்கள். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது, அதனால் கவுண்டரில் ஸ்பீட் போஸ்ட் என்று சொல்லி, பெறுநர் கையில் கொடுத்ததற்கான சான்றும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ரசீதைக் கடிதத்தின் ஜெராக்ஸோடு பின் அடித்து வையுங்கள். எம்.பி.யின் தொகுதி அலுவலகத்துக்கு நேரில் போக முடிந்தால் இன்னும் நல்லது, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அஞ்சு நாள் கழித்து ஒரு போன். மரியாதையாக, பெயரும் ஊரும் சொல்லி, "இந்தத் தேதியில் கடிதம் கொடுத்தேன், சட்ட அமைச்சருக்கு ஐயா எழுதிவிட்டாரா?" என்று மட்டும் கேளுங்கள். ஒரே நாளில் பத்து ஊரிலிருந்து பத்துப் பேர் அதே கேள்வியைக் கேட்டால் அலுவலகத்தில் அந்தக் கோப்பு மேலே வரும்.

சட்டச் சிக்கல் பற்றிப் பயப்படுபவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன். வழக்கறிஞராக இருந்து பரிந்துரைக்கப்பட்டவர் பதவியேற்கிற வரைக்கும் நீதிபதி இல்லை, அவருடைய நியமனத்தை எதிர்த்து மரியாதையான மொழியில் உரிய அதிகாரிக்கு எழுதுவது நீதிமன்ற அவமதிப்பு ஆகாது. மாவட்ட நீதிபதியாக இருப்பவர் பெயர் உயர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் அவர் இப்போதே நீதிபதிதான், அப்போது கூடுதல் கவனம் வேண்டும். கீழ் நீதிமன்ற நீதிபதியைப் பற்றி உயர் நீதிமன்றத்திடம் நல்லெண்ணத்தோடு சொல்வதை அவமதிப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு பாதுகாக்கிறது, ஆகவே அப்படிப்பட்ட கடிதம் முதலில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிக்குப் போகட்டும். அவதூறு வழக்கு இன்னொரு பயம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில், அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு புகார் கொடுப்பதற்கு விலக்கு இருக்கிறது. அந்த விலக்கு கடிதத்துக்குத்தான், வாட்ஸ்அப் குரூப்புக்கு இல்லை. கடிதத்தை போட்டோ எடுத்து ஊர் குரூப்பில் போடாதீர்கள், பங்காளிகள் குரூப்பிலும் வேண்டாம். அங்கே ஒருவர் அதற்கு மேல் ஒரு வசவைச் சேர்ப்பார், அது சுற்றி வந்து உங்கள் கடிதத்தின் மதிப்பைக் கெடுக்கும்.

பதவியேற்பு நடந்துவிட்டால் நிலைமை முழுக்க மாறிவிடும். நீதிபதியின் நடத்தையை நாடாளுமன்றத்தில் பேசவே 121ஆம் பிரிவு தடை போடுகிறது, பதவிநீக்கத் தீர்மானம் வந்தால் மட்டும் பேசலாம். அந்தத் தீர்மானத்துக்கு மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையெழுத்து வேண்டும். 1993இல் நீதிபதி வி. ராமசாமிக்கு எதிரான தீர்மானத்துக்கு 196 ஓட்டுக் கிடைத்தது, ஆளும் கட்சி ஓட்டுப் போடாமல் உட்கார்ந்திருந்ததால் தோற்றுப்போனது. முன்னால் ஒரு பக்கக் கடிதத்தில் சொல்ல முடிந்ததை, பின்னால் இத்தனை பேரைத் திரட்டித்தான் சொல்ல முடியும். நடுவில் ஒரு சின்னச் சந்து இருக்கிறது. பெரும்பாலும் முதலில் இரண்டு ஆண்டுக்குக் கூடுதல் நீதிபதியாகத்தான் நியமிப்பார்கள், அதன் பிறகு நிரந்தரமாக்கும்போது கொலீஜியம் மறுபடி பார்க்கும். புதிய ஆதாரம் கிடைத்திருந்தால் அந்தச் சமயத்தில், உறையில் ரகசியம் என்று எழுதி, தலைமை நீதிபதிக்கு மட்டும் அனுப்பலாம்.

கடைசியாக, ஊரில் தனியாக இருக்கிற ஆச்சிகளையும் வயதானவர்களையும் விட்டுவிடாதீர்கள். சொத்து வழக்கில் வருஷக்கணக்காக அலைந்தவர்கள் அவர்கள்தான், நீதிபதி எப்படி இருக்க வேண்டும் என்று நம்மைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். முகப்பில் உட்கார்ந்து, ஆதாரத்தைக் காட்டி விளக்குங்கள், "நீங்க என்ன சொல்லணும் ஆச்சி?" என்று கேளுங்கள். விருப்பம் இல்லை என்றால் வற்புறுத்தாமல் வந்துவிடுங்கள். எழுதச் சம்மதித்தால் அவர்கள் சொல்லச் சொல்ல அப்படியே எழுதி, முழுவதையும் ஒரு முறை வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். கீழே "சொல்லக் கேட்டு எழுதியவர்" என்று உங்கள் பெயரையும் போடுங்கள். ஜெராக்ஸ் ஒன்றை அவர்களிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.